குழியை நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது? டிட்ராய்ட் வீடு இடிப்பு பற்றி அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகள்

டிட்ராய்ட்டில் ஒரு வீடு இடிபடுவதை நேரில் பார்த்தால் முதலில் அதன் வேகம்தான் மனதில் நிற்கும். காலையில் எந்திரம் கையை நீட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு மாடி வீடு சரிந்து கிடக்கும். ஓரிரு நாளில் ரப்பிஷ் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விடும். மிஞ்சுவது, பேஸ்மென்ட் இருந்த இடத்தில் ஆளைவிட ஆழமான ஒரு குழி. பிறகு டிப்பர் லாரிகள் வரிசையாக வந்து மண்ணைக் கொட்டும், மேலே புல் விதை தூவுவார்கள், அடுத்த கோடையில் அங்கே ஒரு வீடு இருந்த சுவடே இருக்காது.

நான் மிச்சிகனில் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் டிட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில் ஒரு தெருத் தோட்டக் குழுவோடு வேலை செய்கிறேன். மண் மாதிரி எடுப்பது, ஆய்வக அறிக்கையைப் படித்துச் சொல்வது, நகர அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது என்று போகும். அந்தத் தெருக்காரர்களும், நகரத்தில் வீடு வாங்கியிருக்கும் நம் தமிழ் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: இத்தனை வீடுகளை ஏன் இடிக்கிறார்கள்?

1950-ல் டிட்ராய்ட்டில் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்ட ஊரில் வீடுகள் மட்டும் அப்படியே நிற்குமா? 2014-ல் ஒரு சிறப்புக் குழு நகரம் முழுக்கக் கணக்கெடுத்து, சுமார் 40,000 கட்டடங்கள் பாழடைந்தவை என்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நகரமே திவால் மனு போட்டிருந்தது. மத்திய அரசின் நிதியிலிருந்து 25 கோடி டாலருக்கு மேல் இடிப்புக்கு வந்தது. அப்புறம் 2020 நவம்பரில், நகர மக்களே வாக்களித்து இன்னொரு 25 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் தந்தார்கள். 8,000 வீடுகளை இடிப்பது, 6,000 வீடுகளைக் காப்பாற்றுவது என்பது அந்தத் திட்டம்.

இடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கதவு பெயர்ந்து, கூரை எரிந்து கிடக்கும் வீட்டைத் தாண்டித் தினமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள், அது போனால் போதும் என்றுதான் சொல்லும். என் கவலை இடித்த பிறகு நடப்பதைப் பற்றியது.

கேள்வி: வீட்டை இடித்தால் மண் எப்படிக் கெடும்?

இரண்டு வழியில். முதலாவது தூசி. டிட்ராய்ட் வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 1978-க்கு முன்பு கட்டியவை. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் சேர்ப்பதை அமெரிக்கா தடை செய்தது அந்த ஆண்டில்தான். ஆக, இடிபடும் ஏறக்குறைய எல்லா வீட்டின் ஜன்னல் சட்டத்திலும் கதவு நிலையிலும் அடுக்கடுக்காகக் காரீயப் பெயின்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரம் அதை நொறுக்கும்போது தூளாகி, பக்கத்து வீட்டு முற்றத்திலும் ஜன்னல் விளிம்பிலும் படிகிறது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இடிக்க வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, குழியை நிரப்பும் மண். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அடி அகலம், 30 அடி நீளம், 7 அடி ஆழம் உள்ள பேஸ்மென்ட் என்றால் 5,040 கன அடி. ஒரு டிப்பரில் 12 கன கெஜம், அதாவது 324 கன அடி மண் ஏறும் என்றால், அந்த ஒரு குழிக்கே பதினைந்து பதினாறு லோடு வேண்டும். 8,000 வீடுகளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் லோடு. இவ்வளவு மண்ணை எங்கிருந்து கொண்டுவருவது?

நல்ல மண்ணுக்கு விலை உண்டு. தோண்டி எடுத்து, பரிசோதித்து, சான்றோடு வர வேண்டும். இன்னொரு பக்கம், சாலை வேலையிலும் பழைய கட்டட மனைகளிலும் தோண்டிய மண்ணை எங்காவது கொட்டியாக வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது செலவு, குழியை நிரப்புகிறவருக்கு அது சேமிப்பு. நடுவில் கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால், எங்கோ கிடந்த அழுக்கு உங்கள் பக்கத்து மனைக்கு வந்து சேரும். மேலே நாலு அங்குலம் நல்ல மண்ணைப் போட்டுப் புல் வளர்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இது யாரும் எதிர்பாராததும் இல்லை. மத்திய அரசு நிதியில் இடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2017-ல், அந்த நிதிக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் கேட்டதன் பேரில் ராணுவப் பொறியாளர் படை ஆராய்ந்து, கெட்ட மண்ணால் குழிகள் நிரப்பப்படும் அபாயத்தைச் சொல்லியிருந்தது.

கேள்வி: 2025-ல் என்ன நடந்தது?

2025 செப்டம்பரில் டிட்ராய்ட் நகரத் தலைமை ஆய்வாளர் அலுவலகம், நகரத்துக்காக ஏராளமான வீடுகளை இடித்த ஒரு ஒப்பந்ததாரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. குழிகளில் போட்ட மண் மாசுபட்டது என்பதுதான் விவகாரம். அதன் பிறகு நகரம் பல மனைகளில் மண்ணைத் துளையிட்டு எடுத்துச் சோதிக்கத் தொடங்கியது.

செய்தி வந்த வாரம் எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு பாட்டி, பக்கத்து மனையைக் காட்டி, "மூன்று வருஷமாக என் பேரப்பிள்ளைகள் அங்கேதானே பந்து விளையாடுகிறார்கள்?" என்று கேட்டார். அவருக்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த மனை அங்கேதான் இருந்தது, புல் பச்சையாகத்தான் இருந்தது. கீழே இருப்பதைப் பற்றி ஒரு காகிதம்கூட அவர் கையில் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

கேள்வி: மண்ணில் என்னென்ன இருக்கக்கூடும்?

காரீயம் முதலிடம். தமிழில் வெறுமனே ஈயம் என்று சொல்வதால் வெள்ளீயத்தோடு குழம்பிவிடுகிறது. ரசச் சொம்புக்கு ஆகிவந்தது வெள்ளீயம். விஷம் காரீயம். அது மட்கிப் போகாது, ஆவியாகாது, மழையில் கரைந்து ஓடிவிடாது. விழுந்த இடத்தில் மேல்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். பெயின்ட் மட்டும் காரணம் இல்லை, பழைய பெட்ரோல் புகையிலிருந்தும் பெரிய சாலைகளின் ஓரம் படிந்திருக்கிறது.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். பழைய வீடுகளில் கொதிகலன் குழாயைச் சுற்றிய வெள்ளைப் பட்டை, தரை ஓடு, பரண் மேல் கொட்டிய மினுமினுக்கும் பொடி, இவற்றில் இருக்கும். இடிக்கும் முன் இதைக் கண்டுபிடித்துத் தனியாக எடுத்துவிட வேண்டும். தனி வீட்டைத் தனியார் இடிக்கும்போது மத்திய விதியில் விலக்கு உண்டு, ஆனால் ஒரு நகரம் திட்டம் போட்டு வரிசையாக இடிக்கும்போது அந்த விலக்குச் செல்லாது. தீயில் எரிந்து உள்ளே போக முடியாத வீடு என்றால் மொத்த இடிபாட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாகவே கருதி அகற்ற வேண்டும்.

ஆர்செனிக், நிலக்கரிச் சாம்பலிலும் எரிந்த மரத்திலும் வரும் தார் வகைச் சேர்மங்கள், பழைய எண்ணெய்த் தொட்டியிலிருந்து கசிந்த எண்ணெய், இவையும் உண்டு. மண் ஒரு தொழிற்சாலை மனையிலிருந்து வந்திருந்தால் எந்திரங்களைக் கழுவும் கரைப்பான்கள்கூட இருக்கலாம். அதனால்தான் மண் பிறந்த இடம் தெரிய வேண்டும் என்கிறேன். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதைத் தேடிச் சோதிப்பது என்று தெரியும்.

கேள்வி: எங்கள் பக்கத்து மனை சந்தேகமான மனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கண்ணால் பாருங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய் நின்றால் மண் தானாகவே கொஞ்சம் பேசும். தண்ணீர் தேங்கிய பள்ளம், உள்வாங்கிய இடம், புல் முளைக்காத திட்டு, மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கும் செங்கல், தார்க்கட்டி, ஓட்டுத் துண்டு, வயர், கண்ணாடி. எங்கள் குழு ஒரு மனையில் வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டியது. ஒரு சாண் வரை கறுப்பு மேல்மண். அதற்குக் கீழே மண்வெட்டி 'ணங்' என்று நின்றது. உடைந்த சிமென்ட், அதன் இடுக்கில் பச்சைப் பூப்போட்ட தரை விரிப்பின் கிழிசல், அப்புறம் பெட்ரோல் பங்கில் வருமே அந்த வாசனை. அங்கேயே நிறுத்தி, குழியை மூடி, கையுறையைக் கழற்றிப் பையில் கட்டினோம். கண்ணும் மூக்கும் சொல்வதே சில சமயம் போதும். ஆனால் காரீயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது காகிதம். நகரம் இடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, குழி திறந்திருக்கும்போது எடுத்த படம், குழியைச் சோதித்த அதிகாரியின் ஒப்புதல், நிரப்பிய மண் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற விவரம், லோடு சீட்டு, அந்த மண்ணின் ஆய்வக அறிக்கை. இவை பொது ஆவணங்கள். மிச்சிகனின் தகவல் பெறும் சட்டம் 1976-லிருந்து இருக்கிறது. எழுத்தில் கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் பத்து வேலை நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். குடியுரிமை தேவையில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மண்ணைப் பரிசோதிக்க மாதிரி எடுப்பது எப்படி?

கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். எதற்காகச் சோதிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் மேல் ஒரு அங்குலம்தான் முக்கியம், கையில் ஒட்டுவது அதுதான். காய்கறி போடும் பாத்தி என்றால் ஆறு அங்குலம் வரை. இரண்டையும் ஒரே பையில் கலக்காதீர்கள்.

ஒரு பகுதிக்குள் எட்டுப் பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, நிழலில் உலர்த்தி, ஜிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணைத் தனியாக எடுங்கள். உங்கள் சொந்த வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த பெயின்ட் அங்கேதான் விழுந்திருக்கும், பல வீடுகளில் பக்கத்து மனையைவிட இந்த ஓரம்தான் மோசமாக வருகிறது. மனையின் நடுவில், குழி இருந்த இடத்தில் எடுப்பது இன்னொரு பை.

ஆய்வகத்தில் கொடுக்கும்போது 'காரீயமும் பார்க்க வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரணத் தோட்ட மண் பரிசோதனையில் உரச்சத்தும் அமிலத்தன்மையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு முற்றிலும் வேறு ஆய்வகம், சந்தேகமான துண்டு கிடைத்தால் உடைக்காமல் நனைத்து மூடி வைத்துவிட்டு மாநிலச் சுற்றுச்சூழல் துறையைக் கூப்பிடுங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் மண் பரிசோதனை செய்கிறது. நகரத்துக்குள் தோட்டம் போடுகிறவர்களுக்கு 'கீப் குரோயிங் டிட்ராய்ட்' அமைப்பின் தோட்ட வளத் திட்டம் நல்ல துணை.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் கையால் எடுப்பது மேல்மண். குழிக்குள் நாலடி ஆழத்தில் கிடப்பது அதில் தெரியாது. அதற்குத் துளையிடும் கருவியும் பழகிய ஆளும் வேண்டும், அதைச் செய்ய வேண்டியது நகரம். நீங்களாக ஆழமாகத் தோண்டுவதானால் முதலில் 811-ஐக் கூப்பிட்டு, கேஸ் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிக்கையில் காரீயம் 260 பிபிஎம் என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

பிபிஎம் என்றால் ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம். மனிதன் கை படாத மண்ணில் 10 முதல் 50 வரை இருக்கும். குடியிருப்பு மண்ணுக்கு மத்திய சுற்றுச்சூழல் முகமை நெடுங்காலம் 400-ஐக் கவலைப்பட வேண்டிய அளவாக வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் 80 என்கிறது.

ஆக 260 என்பது, 2023-ல் வந்திருந்தால் "சரி, பரவாயில்லை" என்று சொல்லப்பட்டிருக்கும், இப்போது "கவனி" என்கிறது. மண் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது. அதனால் பழைய அறிக்கை வைத்திருப்பவர்கள் அதை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். 'தேர்ச்சி' என்று எழுதியிருந்தால் எந்த அளவுகோலின்படி என்று பாருங்கள்.

260 என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வெறும் மண் தெரியாமல் மூடுங்கள், பிள்ளைகள் விளையாட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், காய்கறியைப் பெட்டிப் பாத்திக்கு ஏற்றுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் விஷயம் வேறு, அந்த மண்ணை எடுப்பது பற்றியே பேச வேண்டும்.

கேள்வி: என் மகள் இரண்டு வயது. போன கோடை முழுக்க அந்த மனையில்தான் விளையாடினாள். என்ன செய்வது?

முதலில், உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். பிள்ளையைப் புல்லில் விளையாட விட்டது தப்பில்லை.

குழந்தை மருத்துவரிடம் இரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். மிச்சிகனில் 2023-ல் வந்த சட்டப்படி எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இந்தச் சோதனை உண்டு, கேட்கத் தயங்க வேண்டாம். விரல் நுனியில் குத்தி எடுப்பார்கள். அதில் அதிகமாக வந்தால் உடனே கலங்காதீர்கள், விரலில் ஒட்டியிருந்த தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். கை நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்வார்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது இப்போது கவனிக்க வேண்டிய அளவு. மருந்து கொடுத்து வெளியேற்றுவது பொதுவாக 45-ஐத் தொட்டால்தான். நடுவில் இருப்பவர்களுக்கு மருந்து, அது வரும் வழியை அடைப்பதுதான். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொண்டால் உடம்பு காரீயத்தை உறிஞ்சுவது குறையும். வெறும் வயிற்றில் அதிகம் உறிஞ்சும், அதனால் நேரத்துக்குச் சாப்பாடு முக்கியம்.

நம் வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மருத்துவரோ சுகாதாரத் துறைச் செவிலியரோ கேட்கும்போது, மண்ணோடு நிறுத்தாமல் நம் அடுக்களையையும் பூஜை அலமாரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த குங்குமப் பொடி, உதிரியாக வாங்கிய மஞ்சள் தூள், கண் மை இவற்றில் காரீயம் கண்டிருக்கிறார்கள். ஈயச் சொம்பு என்று விற்பதில் வெள்ளீயத்துக்குப் பதில் காரீயம் கலந்ததும் வருகிறது, புளி ரசம் அதைக் கரைத்து எடுத்துவிடும். பாட்டி கொடுத்த சொம்பு என்றாலும், குழந்தைக்கு அளவு கூடியிருந்தால் சோதிக்கும் வரை ஓரமாக வையுங்கள்.

கர்ப்பிணிகளும் இதே சோதனையைக் கேட்கலாம். காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இறங்கிக் குழந்தைக்குப் போகும்.

கேள்வி: இடிப்புக்கும் குழந்தைகளின் இரத்தக் காரீயத்துக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபணம் இருக்கிறதா?

இருக்கிறது, டிட்ராய்ட்டிலேயே. நகரச் சுகாதாரத் துறைத் தரவுகளை வைத்து ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்து 400 அடிக்குள், சோதனைக்கு முந்தைய 45 நாளில் ஒரு வீடு இடிபட்டிருந்தால் காரீயம் கூடியிருக்கும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். இரண்டோ அதற்கு மேலோ இடிபட்டிருந்தால் 38 சதவீதம். மே முதல் செப்டம்பர் வரை, ஜன்னல் திறந்திருக்கும் மாதங்களில்தான் இது வலுவாகத் தெரிந்தது. 2018-ல் நகரம் அதிகம் பாதிக்கப்பட்ட சில அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் கோடை இடிப்பை நிறுத்தி வைத்ததும் இதனால்தான். மொத்தக் காரீயப் பாதிப்பில் இடிப்பின் பங்கு சிறிது, பெரும்பங்கு அவரவர் வீட்டுப் பழைய பெயின்ட் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: பக்கத்து மனையை நில வங்கியிடம் (காலி வீடுகளையும் மனைகளையும் விற்கும் பொது அமைப்பு) 100 டாலருக்கு வாங்கினோம். கத்தரி, வெண்டை, கீரை போட ஆசை. போடலாமா?

சொந்த வீட்டை ஒட்டிய காலி மனையை 100 டாலருக்குத் தரும் நில வங்கித் திட்டம் நல்ல திட்டம். ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதித்தான் தருகிறார்கள். மண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. வாங்கும் முன்பே இடிப்புக் கோப்பைக் கேட்டிருந்தால் நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால் சோதனை முடியும் வரை நேரே மண்ணில் எதையும் நடாதீர்கள்.

அதுவரை பெட்டிப் பாத்தி. ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடித்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து வாங்கிய மண்ணும் தொழு உரமும் போடுங்கள். பலகை புதிதாக இருக்கட்டும், பழைய தளத்தைப் பிரித்த பச்சைப் பூச்சு மரத்தில் ஆர்செனிக் இருக்கும். வாங்கும் மண்ணுக்கும் சீட்டு கேளுங்கள், நாமே அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.

செடி காரீயத்தை உறிஞ்சிக் காயில் சேர்ப்பது குறைவு. தக்காளி, வெண்டை, கத்தரி, புடலை இவற்றில் பயம் கம்மி, கழுவிவிட்டால் போதும். கீரை வேறு கதை. தண்டுக்கீரையும் வெந்தயக்கீரையும் தரையோடு தரையாக வளரும், மழை தெறித்து மண் இலையில் ஒட்டும், நாமோ கட்டோடு அலசி அப்படியே நறுக்குகிறோம். முள்ளங்கியும் கேரட்டும் மண்ணுக்குள்ளேயே வளர்பவை. இவற்றைப் பெட்டிப் பாத்தியில் மட்டும் போடுங்கள். தோட்டச் செருப்பை வாசலிலேயே விடுவது நம் வழக்கம்தான், அதை இங்கேயும் விடாதீர்கள்.

கேள்வி: எதிர் வீட்டை இடிக்கப்போவதாகக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

நோட்டீஸைப் படம் எடுத்து வையுங்கள், ஒப்பந்ததாரர் பெயரும் தேதியும் அதில் இருக்கும். இடிக்கும் நாளில் ஜன்னலை அடைத்து, வெளியே காயும் துணியையும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் உள்ளே எடுங்கள். தண்ணீர்க் குழாய் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வறண்ட புழுதி எழும்பினால் நேரத்தோடு வீடியோ எடுத்து உடனே நகர இடிப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள், அடுத்த நாள் சொன்னால் பார்க்க ஒன்றும் இருக்காது. மாலையில் ஜன்னல் விளிம்பையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்காதீர்கள், பெருக்கினால் தூசி எழும்பி மறுபடியும் படியும்.

குழி திறந்திருக்கும் நாட்கள்தான் பொன்னான நாட்கள். வேலிக்கு வெளியே நின்றே, உள்ளே பேஸ்மென்ட் தரையும் சுவரும் முழுதாக எடுக்கப்பட்டதா, இடிபாடு கிடக்கிறதா என்று படம் எடுக்கலாம். மண் லாரி வந்தால் எண் பலகையையும், கொட்டும் மண்ணின் நிறத்தையும் படம் எடுங்கள். மூடிய பிறகு ஆயிரம் பேர் வந்து கேட்டாலும் அந்தப் படத்துக்கு ஈடாகாது.

கேள்வி: நகரத்திலிருந்து வந்து சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நம்பலாமா?

அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்த பிறகு நம்பலாம். எத்தனை இடத்தில் துளையிட்டார்கள்? எவ்வளவு ஆழம்? பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே சோதனையாகப் பார்த்தார்களா? அப்படிக் கலந்தால் ஒரு மூலையில் உள்ள மோசமான மண் சராசரியில் மறைந்துவிடும். பதினைந்து லோடும் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. காரீயம் மட்டுமா, எண்ணெய், கரைப்பான் வகைகளும் பார்த்தார்களா? நான் பார்த்த நல்ல அதிகாரிகள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட்டதில்லை, உட்கார வைத்து வரைபடத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கெட்ட மண் என்று உறுதியானால் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்களா?

எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்கும்போது மறுபடியும் புழுதி எழும், லாரி போகும் வழியெல்லாம் சிந்தும். அதனால் நனைத்து எடுக்கிறார்களா, தார்ப்பாய் மூடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். புதிதாக வரும் மண்ணுக்கும் அதே சீட்டு, அதே அறிக்கை. மேலே மூடிவிட்டால் போதும் என்று சொன்னால், பிற்காலத்தில் யாராவது அங்கே வீடு கட்டத் தோண்டும்போது என்ன ஆகும் என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறோம், விசாவில் இருக்கிறோம். புகார் கொடுத்தால் பிரச்சினை வருமா?

தகவல் கேட்கவும் புகார் கொடுக்கவும் வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

கேள்வி: அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

நீளமாக வேண்டாம். அந்தப் பாட்டிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்ததன் சாரம் இதுதான்: "இந்த முகவரியில் இருந்த வீடு இடிக்கப்பட்டது. இடிப்புக்கு முந்தைய ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, குழி திறந்திருந்தபோது எடுத்த படங்களும் ஒப்புதலும், குழியை நிரப்பிய மண் எந்த முகவரியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரம், ஒவ்வொரு லோடுக்குமான சீட்டு, அந்த மண்ணின் ஆய்வக அறிக்கை, இடிப்புக்குப் பிறகு அந்த மனையில் நடந்த மண் சோதனைகள் ஆகியவற்றின் நகல் வேண்டும். இல்லாத ஆவணம் இருந்தால் அது இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சீட்டு இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தால், அந்த மனையைத் துளையிட்டுச் சோதிக்கச் சொல்லிக் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை. தேதி போட்டு, ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஐந்தாவது வேலை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.